இருபது பேர் படித்தால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

வலைப்பூ எழுதுவோரின் ஐயங்களுக்கு இப்பகுதியில் விடை தரப்படும் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களுள் பாதிக்கு மேல் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்தே வந்திருப்பதால், இம்மாதம் அவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். கும்பகோணத்துக்காரனாகிய எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பெயரை அச்சிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டமையால், எல்லாருக்குமே ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இரண்டு ஆண்டுகளாக வலைப்பூ நடத்தி வருகிறேன். நிறையக் கட்டுரைகள் எழுதிவிட்டேன். திங்களன்று திருக்குறள் விளக்கம், புதனன்று உடல்நலக் குறிப்பு, வெள்ளியன்று ஆன்மிகம், இடையிடையே நாட்டு நடப்பு என்று ஒழுங்காக எழுதியும் நாளொன்றுக்கு இருபது பேருக்கு மேல் படிப்பதில்லை. அவர்களிலும் பாதிப் பேர் என் பழைய மாணவர்கள், மீதிப் பேர் உறவினர். நான் செய்யும் பிழை என்ன? (திருவாரூர்)

பதில்: ஐயா, தாங்கள் அனுப்பிய முகவரிக்குச் சென்று மூன்று மாலைப் பொழுதுகளில் நாற்பது கட்டுரைகளைப் படித்தேன். ஒற்றுப்பிழைகூட இல்லாத தமிழ். அதற்கே தனியாக ஒரு வணக்கம். ஆனால் நீரிழிவுக்காரர்களுக்குப் பாகற்காய் நல்லது என்பதை அறிய விரும்பும் ஒருவர், அதை மருத்துவரிடம் கேட்கலாம், நாளிதழின் இணைப்பில் படிக்கலாம், காலையில் வாட்ஸ்அப்பில் வரும் நான்கு செய்திகளில் ஒன்றிலேயே பார்த்துவிடலாம். அவர் தங்களைத் தேடி வருவதற்குக் காரணம் வேண்டுமல்லவா? திங்கள் ஒன்று, புதன் ஒன்று, வெள்ளி ஒன்று என்று பொருள் மாறிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டுரையை விரும்பிப் படித்தவர் அடுத்த கட்டுரையில் தமக்கு ஒன்றும் இல்லை என்று கண்டு போய்விடுகிறார். போனவர் திரும்பி வருவதில்லை.

நான் படித்த நாற்பதில் ஒரு கட்டுரை மட்டும் வேறாக இருந்தது. தியாகராஜர் கோயில் ஆழித்தேரைப் பற்றித் தாங்கள் எழுதியது அது. அதிலும் முதல் ஐந்து பத்திகள் தலபுராணம். அவை எங்கும் கிடைக்கும். ஆறாவது பத்தியில், தங்கள் தெருவில் குடியிருந்த ஒருவர் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர் என்றும், தேரோட்டத்துக்கு முதல் நாள் இரவு அவர் வீட்டில் அசைவம் சமைக்கமாட்டார்கள் என்றும், உருளும் சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்ளும் அந்தக் கணத்தைச் சிறுவனாக நின்று பார்த்தபோது தங்களுக்கு மூச்சு நின்றது என்றும் நான்கே வரிகளில் சொல்லிவிட்டு, மறுபடியும் புராணத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த நான்கு வரிகளை மூன்று முறை படித்தேன். அந்தக் கட்டை எந்த மரத்தில் செய்யப்படுகிறது, ஓர் ஓட்டத்துக்கு எத்தனை கட்டைகள் தேய்ந்துபோகும், வீதி முனையில் அவ்வளவு பெரிய தேரைத் திருப்பும்போது யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுகிறார்கள், அந்த வேலை தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறதா, இன்று அந்தத் தெருவில் யார் செய்கிறார்கள் என்பவற்றையெல்லாம் எழுத இந்த நாட்டில் தங்களைவிடத் தகுதியானவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

அதைப் படிப்பவர்கள் யார் என்ற கேள்விக்கும் விடை உண்டு. ஊரை விட்டுப் போனவர்கள்தாம். திருவாரூரிலும் கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் பிறந்து சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்பவர்கள், பங்குனி பிறந்தால் தேர் எந்த வீதியில் நிற்கிறது என்று தொலைபேசியில் கேட்பவர்கள். அவர்களுக்குத் தலபுராணம் தெரியும். தாம் ஓடி விளையாடிய வீதியில் முட்டுக்கட்டை போட்டவரின் பெயர்தான் மறந்துபோயிருக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் வலைப்பூ தொடங்கியபோது ஒன்றரை ஆண்டுக் காலம் காவிரியைப் பற்றிப் புதுக்கவிதை எழுதினேன். படித்தவர்கள் பதினொருவர்; அவர்களில் ஒருவர் என் மைத்துனர், அவரும் படிக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஒரு நாள் இரவு வெளியூரிலிருந்து வந்து, எங்கள் கிராமத்துக்குக் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, கும்பகோணம் பேருந்து நிலையத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த எரிச்சலில், எந்தெந்த ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று அடுத்த வாரம் முழுவதும் நின்று பார்த்துக் குறித்துப் போட்டேன். கவிதைகள் அனைத்தையும் சேர்த்துப் படித்தவர்களைவிட அதிகம் பேர் அந்தப் பட்டியலை ஒரே மாதத்தில் படித்தார்கள். கவிஞனாகிய எனக்கு அது பெரும் அவமானமாக இருந்தது. அந்தப் பட்டியலில் நேரத்தைத் திருத்தச் சொல்லி இன்றும் எனக்குக் கடிதம் வருகிறது. அப்படித் திருத்தம் அனுப்பியவர்கள்தாம் பிறகு நான் எழுதிய மற்றவற்றையும் படிக்கத் தொடங்கினார்கள்.

எழுதுவதற்கு முன்பே வாசகர் இன்னார் என்று அறிந்திருப்பது புதிய உத்தியும் அன்று. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவைத் தாங்குவதற்காக, நூல் வெளிவந்தால் வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொள்பவர்களிடம் கையொப்பம் வாங்கினார். அதாவது, நூல் அச்சாகும் முன்பே அதை வாங்கப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியல் அவர் கையில் இருந்தது. தங்களுக்கு இப்போது இருக்கும் இருபது பேரை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அவர்களில் மாணவர்களாக இருக்கும் பத்துப் பேரை அழைத்து, எந்தக் கட்டுரையைக் கடைசிவரை படித்தீர்கள் என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். தலைமையாசிரியர் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: சமையல் குறிப்புகள் எழுதுகிறேன். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எங்கள் வீட்டில் பாசிப்பருப்பில் செய்யும் கடப்பாவைப் பற்றி எழுதிய கட்டுரைதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று என் நாத்தனார் சொல்கிறார். ஆனால் அதைத்தான் மிகக் குறைவான பேர் படித்திருக்கிறார்கள். (கும்பகோணம்)

பதில்: அம்மா, அக்கட்டுரைக்குத் தாங்கள் வைத்த தலைப்பு ‘அம்மாவின் கைமணம்’. அந்தச் சொற்களைத் தட்டி யாரும் எதையும் தேடமாட்டார்கள். சரி, ‘கடப்பா’ என்று மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்று தேடிப் பார்த்தேன். ஆந்திரத்து ஊரும், தரைக்குப் போடும் கடப்பாக்கல்லும் வந்து நின்றன. ‘இட்லிக்குக் கும்பகோணம் கடப்பா’ என்று வையுங்கள். அழகில் சற்றுக் குறைந்த தலைப்புத்தான். ஆனால் வேண்டியவருக்கு வேண்டியது அங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். அழகான தலைப்பைக் கட்டுரைக்குள் ஒரு வரியாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, அடுக்கும் முறை. தங்கள் கட்டுரையில் திருமண வீட்டுக் காலைப் பந்தியின் நினைவுகள் ஐந்து பத்திகள் வந்த பிறகே பாசிப்பருப்பு வருகிறது. நினைவுகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. ஆயினும் அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்க, ஈரக் கையோடு கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பொருள்களும் அளவும் முதலில், செய்முறை அடுத்து, நினைவுகள் கடைசியில். சமைத்து முடித்துச் சாப்பிட உட்கார்ந்த பிறகு அவர் நிதானமாக நினைவுகளைப் படிப்பார். ‘ஓர் ஆழாக்கு’ என்பது எங்களுக்குத் தெரியும். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தெரியாது. ஒரு முறை அளந்து நிறுத்துப் பார்த்து, கிராமிலும் எழுதிவிடுங்கள். தேங்காயோடும் பொட்டுக்கடலையோடும் கசகசாவை அரைத்து விட்டால் கடப்பா ஆற ஆற இறுகும் என்பதையும், எந்தப் பதத்தில் இறக்கினால் இலையில் விழும்போது சரியாக இருக்கும் என்பதையும் தாங்கள் எங்குமே சொல்லவில்லை. செய்து பார்த்துத் தோற்றவர்கள் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.

இன்னொன்று. கசகசாவைச் சிங்கப்பூருக்கோ ஐக்கிய அரபு நாட்டுக்கோ கொண்டுபோக முடியாது. அங்கெல்லாம் அது தடை செய்யப்பட்ட பொருள். பையில் வைத்திருந்தால் விமான நிலையத்தில் பெருந்தொல்லை. எனவே, கசகசா இல்லாதவர்கள் முந்திரிப்பருப்பை ஊறவைத்து அரைத்து விடலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், துபாயில் இருக்கும் கும்பகோணத்துப் பெண்கள் தங்கள் பக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். நாத்தனாரின் சுவையுணர்வைப் பாராட்டியதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை கட்டுரை எழுத வேண்டும்? (பாபநாசம்)

பதில்: ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும் ஆண்டில் முறை வைத்துத்தானே விடுகிறார்கள்? எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் முறை என்று தெரிந்துவிட்டால், கடைமடைக்காரரும் மண்வெட்டியோடு வந்து நிற்பார். பத்து நாளைக்கு ஒன்று என்றாலும் சரி. சொன்ன நாளில் வர வேண்டும். முதல் மாதம் பன்னிரண்டு எழுதிவிட்டு மூன்று மாதம் காணாமற்போவதுதான் கூடாது.

கேள்வி: நான் ஐந்து ஏக்கர் பயிர் செய்பவன். என் வயலில் கண்டதையெல்லாம் எழுதி வருகிறேன். நீளமாக எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள், காலம் காணொளிக்கு மாறிவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எழுதுவதை விட்டுவிடலாமா? (மன்னார்குடி)

பதில்: விட வேண்டாம். காணொளிக்குப் பெரும் பயன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை; நாற்று நடும் இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்பதை எழுதிக் காட்டுவதைவிட ஓட்டிக் காட்டுவதே மேல். ஆனால் தை மாதத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில், பனியில் நனைந்த நெல்லைக் கொட்டிக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது ஓர் எண். ஈரப்பதம் 17 சதவிகிதம் வரை என்பது வழக்கமான வரம்பு. மழை கெடுத்த ஆண்டுகளில் மாநில அரசு கேட்டு, மத்திய அரசு அதைத் தளர்த்தும் ஆணை வருவதும் உண்டு. இந்த ஆண்டு தளர்வு இருக்கிறதா, எந்தத் தேதி முதல், சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றில் எவற்றுக்கு நகல் வேண்டும் என்பதை அறிவதற்காக அவர் பதினைந்து நிமிடக் காணொளியை ஓட்டிப் பார்ப்பாரா? எழுத்தில் இருந்தால் கண் நேரே அந்த வரிக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் தேதியைப் போடுங்கள். தேதியில்லாத விவசாயச் செய்தி தீங்கு செய்யும். சென்ற ஆண்டுத் தளர்வை இந்த ஆண்டுடையது என்று நம்பி ஒருவர் வண்டி ஏற்றிவிட்டால், அவர் பழி தங்கள்மேல் விழும்.

நீளத்தைப் பற்றி நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. தேவை உள்ளவர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பார். ஆனால் அவர் எந்த நாளில் தேவை உள்ளவராக இருக்கிறார் என்பதைத் தாங்கள் அறிந்திருக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. குறுவைக்கு நாற்றங்கால் விடுவது பற்றித் தாங்கள் ஜூன் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். போர்செட் (ஆழ்குழாய்க் கிணறு) வைத்திருப்பவர்கள் அதற்குள் நடவையே முடித்திருப்பார்கள். அந்தக் கட்டுரை மே மாத நடுவில் வந்திருக்க வேண்டும். நாற்றங்கால், நடவு, உரம், பூச்சி, அறுவடை, கொள்முதல் என்று பயிர் போகும் வரிசையை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் முன்னதாக ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டுக் கட்டுரையைத் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை. இந்த ஆண்டு அனுபவத்தைச் சேர்த்துத் திருத்தி, திருத்திய நாளையும் போட்டு, அதே பக்கத்தில் வைத்திருங்கள்.

நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரை நல்ல கட்டுரை. தூரில் பூச்சி அடைவது, பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து புகைந்தாற்போல ஆவது, யூரியாவை அள்ளிப் போட்டவர் வயலில் முதலில் வருவது, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் கட்டுப்படுவது என எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் படம் எட்டடி தூரத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. அதில் வயல் தெரிகிறது, பூச்சி தெரியவில்லை. தூரை விலக்கிப் பிடித்து, பூச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள், அளவு தெரிந்துவிடும். மேலும் கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் நான்கைந்து எம்.பி. இருக்கிறது. வரப்பில் நின்றுகொண்டு ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் திறப்பவருக்கு வெள்ளைக் கட்டம்தான் தெரியும். 200 கே.பி.க்குக் கீழே சுருக்கிப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. தாங்கள் எழுதியவற்றில் எல்லாப் பட்டமும் நன்றாகவே விளைந்திருக்கிறது. ஐந்து ஏக்கர் டெல்டா விவசாயிக்கு அப்படி அமையுமா? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது மன்னார்குடி வட்டாரமும் தப்பவில்லையே! நட்டமடைந்த பட்டத்தையும், எங்கே கணக்குத் தவறியது என்பதையும், ஏக்கருக்கு ஆன செலவையும் எண்களோடு எழுதுங்கள். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கேட்பது அதைத்தான்.

கேள்வி: சிறு அச்சகம் நடத்துகிறேன். பதினைந்து ஆண்டுகளாகக் கும்பாபிஷேக மலர்களுக்கும் விழா மலர்களுக்கும் தட்டச்சு செய்த கட்டுரைகள் கணினியில் இருக்கின்றன. உரியவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஆனால் இணையத்தில் ஏற்றினால் எழுத்துகள் கிறுக்கலாக வருகின்றன. படமாக ஏற்றிவிட்டால் போதாதா? (தஞ்சாவூர்)

பதில்: போதாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவதுதான் தமிழ். கணினிக்குள் இருப்பவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வேடத்தைக் கலைத்துவிட்டு நிற்கின்றன. படமாக ஏற்றினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தேடுபொறி படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தமிழ்க் கட்டுரையாக எடுத்துக்கொண்டு தேடுபவருக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித்தான் ஏற்ற வேண்டும். தமிழ்நாடு அரசே 2010இல் அதற்கு மாறிவிட்டது. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கட்டுரையை ஒட்டினால் நொடியில் மாற்றிக் கொடுக்கும். கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் இடங்கள், ஜ, ஷ, ஸ வரும் சொற்கள் ஆகியவற்றை மட்டும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். அவ்வளவையும் ஒரே மாதத்தில் ஏற்றிவிடவும் வேண்டாம். எந்தக் கோயிலுக்கு எந்த மாதத்தில் விழா வருகிறதோ, அதற்கு முன் அதன் மலரை ஏற்றுங்கள்.

கேள்வி: வரலாறு படிக்கும் மாணவி நான். சோழர் காலக் கோயில்களைப் பற்றிச் சான்றுகளோடு எழுதுகிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒருவர் எழுதினால் ஆயிரக்கணக்கில் பகிர்கிறார்கள். வாசகர் வேண்டுமென்றால் நானும் அப்படி எழுத வேண்டுமா? (மயிலாடுதுறை)

பதில்: மாலை நான்கு மணிக்குக் கோயிலுக்குள் போய் நின்றால் நிழல் தரையில் நீண்டு கிடப்பதைப் பார்க்கலாம், தாங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நிழலின் படத்தை நேரத்தோடு எடுத்துப் போட்டு, ‘பெரிய கோயிலின் நிழல் தரையில் விழுமா?’ என்று தலைப்பு வையுங்கள். பொய்யைத் தேடி வருகிற கூட்டம் அதே வாசல் வழியாகத்தான் உண்மைக்கும் வரும். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, உயிர்மெய் 216 என்ற கணக்கில் கோயிலின் அளவுகளை அமைத்தார்கள் என்று சுற்றிவரும் செய்தியையும் அவ்வாறே எடுத்துக்கொள்ளலாம். யாரையும் ஏளனம் செய்ய வேண்டாம். பகிர்ந்தவர்களில் நம் பெரியப்பாவும் இருப்பார்.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தங்கள் கட்டுரைகள் அரசர்களின் பட்டப்பெயர்களாலும் போர்களாலும் நிறைந்திருக்கின்றன. அந்தக் கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லில் வெட்டச் சொல்கிறான் இராசராசன். தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கக் கொடுத்த செப்புக் குடம் 3083 பலம் எடை, அதன்மேல் போர்த்த பொன் 2926½ கழஞ்சு (பலமும் கழஞ்சும் பழைய எடை அளவுகள்) என்று அரைக் கழஞ்சையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறான். கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிராகிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களையும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதையும் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்துக் கணக்கு என்ற கற்பனையைவிட இந்தக் கணக்கு எவ்வளவு சுவையானது! நாகப்பட்டினத்திலிருந்து வந்த பெண், திருவாரூரிலிருந்து வந்த பெண் என்று ஊர் வாரியாக எடுத்து, ஓர் ஊருக்கு ஒரு கட்டுரையாக எழுதுங்கள். தம் ஊரிலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் கிளம்பித் தஞ்சைக்குப் போயிருக்கிறாள் என்றும், அவள் பெயர் இதுதான் என்றும் தெரிந்தால் அந்த ஊர்க்காரர்கள் படிக்காமல் இருப்பார்களா? பகிராமல்தான் இருப்பார்களா?

ஊர்ப்பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1982 முதல் மயிலாடுதுறை என்பதே முறையான பெயராக இருந்தாலும், அறுபது வயதுக்காரர் இன்றும் மாயவரம் என்றுதான் தேடுவார். இரண்டு பெயரும் கட்டுரையில் ஓரிடத்திலாவது இருக்கட்டும். 2020இல் தனி மாவட்டம் ஆகுமுன் எழுதப்பட்ட பக்கங்கள் எல்லாம் தரங்கம்பாடியை நாகப்பட்டினம் மாவட்டம் என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன. தங்கள் பழைய கட்டுரைகள் மூன்றிலும் அப்படியே கண்டேன். வரலாற்று மாணவி திருத்திவிட வேண்டாமா?

கேள்வி: உப்பளத்தில் வேலை செய்கிறேன். வலைப்பூ எழுதிச் சம்பாதிக்க முடியுமா? (வேதாரண்யம்)

பதில்: 2018 பிப்ரவரியில்தான் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரங்கள் தமிழ்ப் பக்கங்களுக்குக் கிடைக்கத் தொடங்கின. நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். எனக்கு முதல் நூறு டாலர் சேர இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் ஆயின. அந்தப் பணத்தில் பழைய மடிக்கணினிக்கு மின்கலம் மாற்றினேன். விளம்பரத்தை நம்பி உப்பளத்து வேலையை விட்டுவிடாதீர்கள். தாங்கள் எழுதும் பொருளே தங்கள் தொழிலாக இருந்தால் நிலைமை வேறு. சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்ப்பவரோ, நரசிங்கம்பேட்டையில் பழைய வீட்டு ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்பவரோ, தம் வேலையைப் படிப்படியாக எழுதி வந்தால், படிப்பவர்களுள் ஒருவர் வாங்குபவராக வருவார். அந்த ஒரு வரவு பத்து ஆண்டு விளம்பரப் பணத்துக்குச் சமம்.

கேள்வி: பணம் கட்டினால் மாதம் பத்தாயிரம் வாசகர்களைத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. சேரலாமா? (திருவையாறு)

பதில்: அவர்கள் தருவது எண்ணிக்கை. அந்தப் பத்தாயிரத்தில் ஒருவரும் தங்கள் கட்டுரையில் உள்ள எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டமாட்டார்.

கேள்வி: ஒவ்வொரு கட்டுரையையும் நாற்பது வாட்ஸ்அப் குழுக்களில் போடுகிறேன். முதலில் சிலர் படித்தார்கள். இப்போது இரண்டு குழுக்களிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். வேறு எப்படித்தான் மக்களுக்குத் தெரிவிப்பது? (வலங்கைமான்)

பதில்: மற்ற முப்பத்தெட்டும் பொறுமைசாலிகள் என்று தெரிகிறது. கல்யாண வீட்டு வாசலில் நின்று, வருகிறவர்கள் எல்லாரிடமும் துண்டறிக்கை நீட்டுபவரை யாருக்குப் பிடிக்கும்? நாற்பது குழுக்களுக்கும் ஒரே செய்தியைத் தட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். குழுக்களில் மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று இரண்டு வாரம் பேசாமல் பாருங்கள். சென்ற மாதம் எங்கள் தெருக் குழுவில் ஒருவர், தம் தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்ற எங்கே தொடங்குவது என்று கேட்டார். பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். ஒருவர் காலை வணக்கம் படம் போட்டார். நான் வாரிசுச் சான்றிதழிலிருந்து தொடங்கி, நான் அலைந்த கதையை இரண்டு நாளில் எழுதி முடித்து, கேட்டவருக்கு மட்டும் தனியாக அனுப்பி, ‘நீங்கள் கேட்டீர்களே, இதில் மூன்றாவது பத்தியைப் பாருங்கள்’ என்று ஒரு வரி எழுதினேன். அவரே அதைக் குழுவில் போட்டார். அங்கிருந்து எந்தெந்தக் குழுவுக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது; ஒரத்தநாட்டிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, தம் ஊரில் இன்னொரு தாளும் கேட்டார்கள் என்று சொன்னார்.

தங்களுக்கும் அப்படி யாராவது திருத்தம் சொன்னால், அதைக் கட்டுரையின் அடியில் ஒளித்து வைக்காமல், சொன்னவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அவர் ஊரோடு முதல் பத்தியிலேயே சேர்த்துவிடுங்கள். அதன் பிறகு அந்த ஊர்க் குழுவில் தங்கள் கட்டுரையைப் போடும் வேலையை அவர் பார்த்துக்கொள்வார்.